அடித்த கை யாருடையது: மேள ஒலியைச் சாம்பிள் எடுக்குமுன் கேட்க வேண்டியவை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கிராமத்தில், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரின் வீட்டு முற்றத்தில் இருந்து அவருடைய மத்தள அடியைப் பல ஆண்டுகளுக்கு முன்பு நான் பதிவு செய்தேன். வடமோடிக் கூத்தின் தாளக்கட்டுகளை ஒவ்வொன்றாக வாயால் சொல்லி, பிறகு மத்தளத்தில் அடித்துக் காட்டினார். எதற்கு இந்தப் பதிவு என்று அவர் கேட்டபோது, சும்மா ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றேன். அன்று அது உண்மைதான். இரண்டு வருடங்கள் கழித்து அந்தப் பதிவிலிருந்து நான்கு செக்கன் நீளமான துண்டொன்றை வெட்டி, வேகத்தைக் கூட்டி, அடியில் கிக் என்னும் பெருமேள அடி ஒன்றைச் சேர்த்து, ஒரு பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக வைத்தேன். சாம்பிள் எடுப்பது என்பது இதைத்தான். பாட்டு யூடியூபில் ஏறி ஒரு மாதத்துக்குள் அவருடைய பேரன் அதைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டியிருக்கிறான். மத்தளத்தின் இடந்தலையில் விரலைச் சற்று இழுத்துவிடும் தன் பழக்கத்தை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். அடுத்த முறை நான் போனபோது கோபிக்கவில்லை. "இது என்ட கையடியெல்லவா மனெ? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் கேட்டிருக்க வேண்டும், எதை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கல்லடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வீட்டு அறையொன்றில் கணினியும் ஒலிவாங்கியுமாகப் பாட்டுச் செய்கிற தம்பி தங்கைமாருக்கு அந்தத் தேடல் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். பெரிய தொகை புரளும் வேலையாக இருந்தால் புலமைச் சொத்துச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரை நாடுங்கள். அவரிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்கவாவது இது உதவும்.

ஓர் ஒலிக்குள் எத்தனை உரிமைகள்

இலங்கையில் இவ்விடயத்துக்கு அடிப்படையாக இருப்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதை வைத்துப் பார்த்தால் பதிவான ஒரு மேள ஒலியில் மூன்று உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கக் கூடும். முதலாவது, இசையாக்கத்தின் உரிமை; அது ஆக்கியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். இரண்டாவது, ஒலிப்பதிவின் உரிமை. இது பதிவைத் தயாரித்தவருக்கு உரியது, வெளியிட்ட காலத்திலிருந்து 50 ஆண்டுகள் நிலைக்கும். மூன்றாவது, அந்த மேளத்தை அடித்தவருக்குத் தன் ஆற்றுகையின்மேல் உள்ள உரிமை. அதற்கும் 50 ஆண்டுக் காலம் உண்டு. பதிப்புரிமையைப் பதிவு செய்யும் நடைமுறை நம் நாட்டில் கிடையாது. ஒலி பதிவாகும்போதே உரிமையும் பிறந்துவிடுகிறது. ஆகவே ஒரு காணொளியின் கீழோ ஒலிநாடாவின் உறையிலோ உரிமைக் குறிப்பு எதுவும் இல்லாதிருந்தால் அதை யாரும் எடுக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த உரிமைகள் தனித்தனியே ஓடுவதை நம் ஊர் உதாரணம் ஒன்றால் விளக்கலாம். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 இல் மறைந்தார். அவர் இறந்து 70 ஆண்டுகள் 2017 இறுதியோடு முடிந்துவிட்டன. ஆகவே அவருடைய பாடல் வரிகளை இன்று இலங்கையில் யாரும் அனுமதி கேட்காமல் இசையமைக்கலாம். ஆனால் அதே வரிகளை 1990 இல் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிநாடாவிலிருந்து ஒரு தபேலா அடியை வெட்டியெடுத்தால், அந்த ஒலிப்பதிவின் உரிமை 2040 வரை உயிரோடு இருக்கிறது. வரிகள் பழையவை என்பதால் பதிவும் பழையதாகிவிடாது.

மேளத்தைப் பொறுத்தவரை இந்த மூன்றில் முதலாவது பெரும்பாலும் மெலிந்தே இருக்கும். ஆதி தாளம் யாருக்கும் சொந்தமில்லை. கிக் இரண்டு, ஸ்னேர் இரண்டு என்று வரும் எளிய நாலடி ஓட்டமும் அப்படியே. ஒருவர் தாமே கட்டிய நீண்ட தனி ஆவர்த்தனம் என்றால் கதை வேறு. சாதாரணத் தாள ஓட்டத்தை யாரும் தன் ஆக்கம் என்று எளிதில் கோர முடியாது. நம்மவர்கள் தடுமாறுவது இவ்விடத்தில்தான். தாளம் பொதுச்சொத்து, ஆகவே அந்தத் தாளம் பதிவான ஒலியும் பொதுச்சொத்து என்று முடிவுகட்டி விடுகிறார்கள். நீங்கள் கணினியில் வெட்டி ஒட்டுவது தாளத்தை அன்று. ஒருவர் ஒரு நாள் ஓர் அறையில் ஓர் ஒலிவாங்கியின் முன் அடித்து, இன்னொருவர் காசு செலவழித்துப் பதிவு செய்த அந்த ஒலியை. இரண்டாவது, மூன்றாவது உரிமைகள் அதனோடு ஒட்டியே வருகின்றன. பாட்டிலிருந்து குரலை நீக்கி மேளத்தை மட்டும் பிரித்துத் தரும் செயலிகள் இப்போது எல்லோர் கையிலும் இருக்கின்றன. அவற்றால் பிரித்தெடுத்த மேளமும் அதே ஒலிப்பதிவின் பகுதியே.

எத்தனை செக்கன் வரை எடுக்கலாம்

மூன்று செக்கனுக்குக் குறைவாக எடுத்தால் பிரச்சினையில்லை என்பார் சிலர். ஏழு என்பார் வேறு சிலர். எந்த நாட்டுச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை. நீதிமன்றங்கள் எப்படித் தீர்த்தன என்பதைப் பார்த்தால் ஏன் இந்தக் கணக்கை நம்பக் கூடாது என்பது விளங்கும்.

அமெரிக்காவில் 2005 இல் ஆறாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் பிரிட்ஜ்போர்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. எடுக்கப்பட்டது இரண்டு செக்கன் நீளமான கிற்றார் ஒலி. சுருதியைக் குறைத்து, நீட்டி, லூப்பாக்கிப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒலிப்பதிவிலிருந்து எடுக்கிறீர்களென்றால் அனுமதி பெறுங்கள், இல்லாவிட்டால் எடுக்காதீர்கள் என்பதே அந்த மன்றத்தின் நிலைப்பாடு. சிறிய அளவு என்ற வாதத்துக்கு அங்கே இடமளிக்கப்படவில்லை. அதே நாட்டின் ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் 2016 இல் இதற்கு மாறாகத் தீர்த்தது. மடோனாவின் பாட்டொன்றில் வந்த 0.23 செக்கன் ஊதுகருவி ஒலி, சாதாரணமாகக் கேட்பவர் அடையாளம் காணாத அளவு அற்பமானது என்று அது சொன்னது. ஒரே நாட்டின் இரு நீதிமன்றங்கள் இரு திசையில் நிற்கின்றன என்றால், கல்முனையில் இருக்கும் நாம் எந்தத் திசையை நம்பிப் பாட்டை வெளியிடுவது?

மேளக்காரருக்கு இவற்றைவிட நெருக்கமானது ஜேர்மனியின் வழக்கு. கிராஃப்ட்வெர்க் குழு 1977 இல் வெளியிட்ட பதிவொன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டு செக்கன் நீளமான உலோகத் தாள ஓட்டத்தை மோசஸ் பெல்ஹாம் என்ற தயாரிப்பாளர் 1997 இல் எடுத்து லூப்பாக்கினார். அந்த இரண்டு செக்கன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களில் ஏறி இறங்கியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 யூலை 29 இல் சொன்னதன் சாரம் இது: மிகச் சிறிய துண்டானாலும் ஒலிப்பதிவிலிருந்து எடுத்தால் அது பிரதி செய்தலே, ஆனால் காதால் கேட்டு அடையாளம் காண முடியாத அளவுக்கு மாற்றிப் புதிய ஆக்கத்தில் சேர்த்திருந்தால் பிரதி ஆகாது. இந்தக் 'காது' என்ற அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. அண்ணாவியார் தன் விரலைக் கண்டுபிடித்ததும் காதால்தானே.

இலங்கைச் சட்டத்தின் 11 ஆம் பிரிவில் நியாயமான பயன்பாடு பற்றிய ஏற்பாடு உண்டு. பயன்பாட்டின் நோக்கம், எடுத்த படைப்பின் தன்மை, எடுத்த அளவு, மூலப் படைப்பின் சந்தைக்கு நேரும் விளைவு ஆகியவற்றைச் சேர்த்து நிறுத்துப் பார்க்கச் சொல்கிறது. கற்பித்தலுக்கும் விமர்சனத்துக்கும் அது கைகொடுக்கும். காசு பார்க்கும் ஒரு பாட்டின் லூப்புக்கு அதை நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பாட்டை இணையத்தில் ஏற்றினால் அது ஒரே நாளில் எல்லா நாட்டுச் சட்டங்களின் எல்லைக்குள்ளும் போய்விடுகிறது. வழக்கென்று வந்தால் உள்நாட்டிலேயே கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றம்வரை அலைய வேண்டியிருக்கும். ஆகவே நான் வைத்திருக்கும் விதி எளியது: பிறருடைய பதிவிலிருந்து எடுத்த ஒலி என்று எனக்குத் தெரிந்தால், எத்தனை செக்கன் என்று எண்ணுவதில்லை, கேட்டுவிடுவேன் அல்லது விட்டுவிடுவேன்.

காலக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியிட்ட ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள். 1960 இல் இசைத்தட்டாக வந்த ஒரு தமிழ்த் திரைப்பாடலின் ஒலிப்பதிவு உரிமை அங்கே 2020 இறுதியில் முடிந்திருக்கும். அதன் இசையாக்க உரிமை இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டு வரை தொடரும். அமெரிக்காவிலோ, 1957 தொடக்கம் 1972 பெப்ரவரி நடுப்பகுதி வரை அங்கு பதிவானவை 2067 பெப்ரவரி 15 வரை பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. உலகம் முழுவதும் சாம்பிள் எடுத்துத் தேய்ந்த மேள ஓட்டங்களில் பல அந்த ஆண்டுகளுக்குள்தான் வருகின்றன. பழைய பாட்டின் புதிதாகத் துப்புரவு செய்யப்பட்ட பதிப்பிலிருந்து எடுப்பதும் ஆபத்து. அந்தப் பதிப்புக்குத் தனி உரிமை கோரப்படலாம்.

அனுமதி கேட்கும் முறை

பாட்டு முடிந்து, மிக்ஸிங்கும் முடிந்து, காணொளியும் எடுத்த பிறகு அனுமதி கேட்கப் போவது வீடு கட்டிக் குடிபுகுந்தபின் காணியுறுதியைத் தேடுவது போன்றது. உரிமையாளர் மறுத்தாலோ பெருந்தொகை கேட்டாலோ முழு வேலையும் நின்றுவிடும். முதல் மாதிரி வடிவம் கைக்கு வந்தவுடன் கேட்டுவிடுங்கள். சாம்பிள் இல்லாத இன்னொரு வடிவத்தையும் செய்து பக்கத்தில் வைத்திருங்கள்.

யாரிடம் கேட்பது என்று கண்டுபிடிக்க, இசைத்தட்டின் உறையிலோ இசைச் செயலியில் அந்தத் தொகுப்பின் அடியிலோ உள்ள குறிப்பைப் பாருங்கள். வட்டத்துக்குள் 'பி' எழுத்து இருந்தால் அதற்கடுத்து வரும் பெயர் ஒலிப்பதிவின் உரிமையாளர். வட்டத்துக்குள் 'சி' என்பது உறை, எழுத்து முதலியவற்றின் உரிமையைக் குறிக்கும், நமக்கு வேண்டியது அதுவன்று. இசையாக்கத்துக்கும் அனுமதி தேவையாக இருந்தால் இசையமைப்பாளரையோ அவருடைய வெளியீட்டு நிறுவனத்தையோ தனியே நாட வேண்டும். ஒன்றைப் பெற்றால் மற்றதும் வந்துவிட்டது என்று ஆகாது. புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டனின் பதிவிலிருந்து ஆறு செக்கனை எடுத்த பீஸ்டி பாய்ஸ் குழுவினர் ஒலிப்பதிவுக்கு மட்டும் அனுமதி பெற்றிருந்தார்கள். இசையாக்கத்துக்காக அவர் வழக்குத் தொடர்ந்தார். அந்த மூன்று சுரங்கள் மிகச் சிறியவை என்று 2003 இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு வரை போவதற்கு அவர்களிடம் காசு இருந்தது.

கடிதம் சுருக்கமாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும். மூலப் பாட்டின் பெயர், கலைஞர், வெளியான ஆண்டு, அதில் எந்த நிமிடம் எந்த செக்கனிலிருந்து எதுவரை எடுத்தீர்கள், உங்கள் பாட்டில் அது எத்தனை முறை வருகிறது, வேகமும் சுருதியும் எப்படி மாறியிருக்கின்றன, எங்கெங்கே வெளியிடப் போகிறீர்கள் என்பவற்றை எழுதி, எடுத்த துண்டையும் உங்கள் பாட்டையும் இணைத்து அனுப்புங்கள். நாங்கள் சிறியவர்கள், சிறிய அளவில்தான் வெளியிடுகிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லலாம். அதனால் தொகை குறையவும் கூடும். பதில் ஒரே தடவைக் கொடுப்பனவாக வரலாம், வருமானத்தில் பங்காக வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கையொப்பமிடும்போது இரண்டு சொற்களைத் தேடுங்கள்: எந்த நாடுகளுக்கு, எவ்வளவு காலத்துக்கு. இணையத்தில் வெளியிடும் பாட்டுக்கு 'உலகம் முழுவதற்கும்' என்று இல்லாத அனுமதியால் பயனில்லை.

பதில் வராவிட்டால்? வராத பதில் அனுமதியாகாது. ஞாபகமூட்டி இரண்டு கடிதங்கள் எழுதியும் மௌனமென்றால், அந்த ஒலியை விட்டுவிட்டு வேறு வழி பாருங்கள். உங்கள் பாட்டை இசைத்தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தின் விதிமுறைகளில், எல்லா உரிமைகளும் என்னிடம் உள்ளன, இல்லையென்று தெரிந்தால் வரும் இழப்பை நானே ஏற்பேன் என்ற உறுதிமொழி இருக்கும். நாம் வாசிக்காமல் அழுத்தும் 'சம்மதம்' பொத்தானுக்குப் பின்னால் இருப்பது அதுதான்.

திரும்ப அடிப்பித்தல்

அனுமதிக்கு அலைவதைவிட நம் பக்கத்தில் இருக்கும் ஒருவரைக் கொண்டு அந்தத் தாளத்தை மீண்டும் அடிப்பித்துப் பதிவு செய்வது பல வேளைகளில் எளிது. ஒலிப்பதிவின் உரிமை அந்தக் குறிப்பிட்ட பதிவோடு நின்றுவிடுகிறது. அதைப் போலவே ஒலிக்கும் இன்னொரு பதிவைத் தாமே அடித்துச் செய்வதை அது தடுக்காது என்று அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. தாள ஓட்டம் சாதாரணமானதாக இருந்தால் இசையாக்கக் கேள்வியும் எழாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தோற்கருவி வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அரை நாள் வேலை, ஒரு நல்ல ஒலிவாங்கி, அவருக்கு உரிய கூலி, ஒரு பக்கக் கடதாசி இருந்தால் போதும். மூலத்தில் இருந்த அந்தத் தூசு படிந்த நிறம் வராது என்று சிலர் குறைப்படுவார்கள். அது பெரும்பாலும் பழைய நாடாவின் குணம். ஒலியை நாடாவில் ஏற்றி இறக்கினால் ஓரளவு கொண்டுவரலாம்.

காசு கொடுத்து வாங்கும் சாம்பிள் பேக்குகள்

பாட்டில் சேர்ப்பதற்கென்று தொகுத்து விற்கும் ஒலிகளே சாம்பிள் பேக்குகள். அவற்றில் வரும் 'ரோயல்டி இல்லை' என்ற சொல்லை 'நிபந்தனை இல்லை' என்று வாசிக்க வேண்டாம். அநேகமாக எல்லாப் பேக்குகளிலும், இந்த ஒலிகளை உங்கள் பாட்டுக்குள் சேர்க்கலாம், தனி ஒலிகளாக மறுபடி விற்கவோ பகிரவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கும். உங்களுக்குப் பிடித்த ஐம்பது கிக்குகளைப் பொறுக்கி, சற்று மாற்றி, உங்கள் பெயரில் ஒரு பேக்காக வெளியிட்டால் அது மீறல். நண்பர் பென் டிரைவில் தந்த பேக்குக்கு உரிமம் பெற்றவர் அந்த நண்பர், அவரும் பெற்றிருந்தால்தான். விலைகொடாமல் இறக்கிய பேக்கிலிருந்து ஒரு ஹைஹாட் எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இன்னொரு பொறி இருக்கிறது, அதில் நானே விழுந்தேன். காசு கொடுத்து வாங்கிய பேக்கிலிருந்து எடுத்த ஒரு தாள லூப்பை எதையும் மாற்றாமல் ஒரு கலியாணக் காணொளிப் பாட்டில் வைத்தேன். சில வாரங்களில், ஏற்றிய ஒலிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் கண்டென்ட் ஐடி அமைப்பு வழியாக எங்கோ ஒரு நாட்டிலிருந்து உரிமைக் கோரல் வந்தது. அவரும் அதே பேக்கை வாங்கி, அதே லூப்பைத் தன் பாட்டில் வைத்து, பாட்டை அந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார். தனக்கு மட்டுமே உரிய ஒலிகளைத்தான் அங்கே பதியலாம் என்பது யூடியூபின் விதி; பலரும் வாங்கக்கூடிய லூப் அதில் அடங்காது. வாங்கிய பற்றுச்சீட்டையும் உரிம வாசகத்தையும் திகதியோடு நான் வைத்திருந்ததால் ஆட்சேபம் எழுப்ப முடிந்தது. கோரியவருக்குப் பதிலளிக்க 30 நாட்கள் உண்டு. நான் முழு 30 நாளும் காத்திருந்தேன், கோரல் தானே விலகியது. மணமக்களின் வீட்டாருக்கு அந்த ஒரு மாதமும் நான் சொல்லிய விளக்கங்களை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. கோரல் வேறு, உரிமை மீறலுக்காக அலைவரிசைமேல் விழும் ஸ்ட்ரைக் வேறு என்பதையும் அறிந்திருங்கள்: கோரலால் வருமானம் கைமாறும் அல்லது காணொளி மறைக்கப்படும், 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அலைவரிசையே மூடப்படலாம்.

கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இலவச ஒலிகளில் ஒவ்வொன்றின் வகையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பூச்சிய வகையை எதற்கும் பயன்படுத்தலாம். பெயர் குறிப்பிடும்படி கேட்கும் வகையில் பதிவு செய்தவரின் பெயரைப் போட்டே ஆக வேண்டும். வணிகத்துக்குத் தடை சொல்லும் வகையை, விளம்பர வருமானம் வரும் பாட்டில் சேர்க்க வேண்டாம். டிரம் மெஷின்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ரோலண்ட் நிறுவனம் 1980 இல் வெளியிட்ட 808 என்ற டிரம் மெஷின், மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவி. அக்கருவியை நீங்களே இயக்கிப் பதிவு செய்த ஒலி உங்களுடையது, இன்னொருவர் பதிவு செய்து பேக்காக்கிய 808 ஒலி அவருடையது. அதே ஆண்டில் வந்த லின் எல்எம்-1 போன்றவை உண்மையான மேள அடிகளின் பதிவுகளை உள்ளே வைத்திருப்பவை. அங்கே அந்தப் பதிவுகளின் உரிமையையும் யோசிக்க வேண்டும்.

நம்முடைய மேளங்கள்

வெளிநாட்டுப் பதிவுக்கு இவ்வளவு யோசிக்கிற நாம், கோயில் வாசலில் ஒலிக்கும் பறையையும் சடங்கில் ஒலிக்கும் உடுக்கையும் கைத்தொலைபேசியில் பிடித்துக்கொண்டு வந்து எந்த யோசனையும் இல்லாமல் வெட்டுகிறோம். அது நம்முடையதுதானே என்ற எண்ணம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அடித்தவருக்கு ஆற்றுநர் உரிமை அங்கேயும் உண்டு. பதிவு செய்யப்படாத ஆற்றுகையைப் பதிவு செய்வதற்கே அவருடைய சம்மதம் வேண்டும். அதற்கு மேலே புலமைச் சொத்துச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு இருக்கிறது. நாட்டார் பாடலும் நாட்டார் கருவியிசையும் நாட்டார் ஆடலும் நாடகமும் 'நாட்டார் கலை வெளிப்பாடுகள்' என்ற வகையில் பாதுகாக்கப்பட்டுள்ளன. வணிக நோக்கத்துக்காகவோ, அவற்றின் மரபான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பிரதி செய்வதற்கும் மாற்றியமைப்பதற்கும், அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும் என்கிறது அப்பிரிவு. தனிப்பட்ட பயன்பாடும் கற்பித்தலும் ஆராய்ச்சியும் இதற்கு விலக்கு. இன்ன சமூகத்திலிருந்து, இன்ன இடத்திலிருந்து பெறப்பட்டது என்று மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்றும் அது சொல்கிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? நான் செய்வதைச் சொல்கிறேன். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் எழுத்தில் விடயத்தைத் தெரிவிக்கிறேன். வணிக வெளியீடு பெரிதாக இருந்தால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, அதன் பிரதியை வைத்துக்கொள்கிறேன். கோயில் சம்பந்தப்பட்ட ஒலியென்றால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும், அடிப்பவர்களிடமும் தனித்தனியே கேட்கிறேன். வண்ணக்கரின் சம்மதத்தை அடிப்பவரின் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. பறை அடிப்பவர்களைக் கேட்காமலே அவர்கள் சார்பில் மற்றவர்கள் தலையாட்டிய காலம் நம்மூரில் நெடுங்காலம் நடந்தது, ஒலிப்பதிவிலும் அதைத் தொடர வேண்டாம். கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக்காலத்தில் ஒலிக்கும் உடுக்கைப் போன்ற சிலவற்றை, தெய்வம் அழைக்கும் அடி, அதைப் பாட்டுக்குள் போட வேண்டாம் என்று பூசாரியார் சொன்னால், நான் போடுவதில்லை. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ றபான் என்னும் கைமேளத்தைப் பதிவு செய்யப் போனாலும் அதே ஒழுங்குதான்: எந்தச் சந்தர்ப்பத்தில் அடிக்கிறார்கள், அதைப் பாட்டில் சேர்ப்பதில் அவர்களுக்கு மனக்குறை உண்டா என்று முதலில் கேட்க வேண்டும்.

பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வுக்காக எடுத்த பதிவுகளும், வானொலிகளில் ஒலித்த பழைய கூத்துப் பதிவுகளும் கையில் கிடைக்கும். ஆய்வுக்குக் கொடுத்த சம்மதம் ஆய்வோடு முடிகிறது. ஒலிபரப்பிலிருந்து எடுத்தால் ஒலிபரப்பு நிறுவனத்தின் உரிமையும் சேர்ந்துகொள்கிறது.

அடித்தவருக்கான கடதாசி

வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969 இல் ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் பதிவு செய்த பாட்டின் நடுவில், மேளக்காரர் கிரெகரி கோல்மன் நான்கு சுற்று, ஏறத்தாழ ஏழு செக்கன், தனியே அடித்தார். உலகில் மிக அதிகமாகச் சாம்பிள் எடுக்கப்பட்ட ஒலிகளில் ஒன்று அது. கோல்மன் 2006 இல் இறக்கும்வரை அதற்காக ஒன்றும் பெறவில்லை. அதன் உரிமை குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் இருந்தது; 2015 இல் ரசிகர்கள் சேர்த்துக் கொடுத்த ஏறத்தாழ 24,000 பிரித்தானியப் பவுண் அவருக்குத்தான் போனது. பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்காக அதே 1969 இல் அடித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் ஓட்டமும் எண்ணற்ற பாட்டுகளில் வந்திருக்கிறது. ஆக்கியவராக அவர் பெயர் எங்கும் எழுதப்படாததால், முறைப்படி அனுமதி பெற்றவர்கள் கொடுத்த காசும் அவரை வந்தடையவில்லை. சட்டப்படி அனுமதி பெறும் வேலை முடிந்தாலும் அடித்த கைக்கு எதுவும் போய்ச் சேராதிருக்கலாம் என்பதற்கு இவ்விருவரும் சாட்சி. நாம் ஒரு மேளக்காரரைப் பதிவு செய்யும்போது ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்ற உரிமை நமக்கு வந்துவிடுகிறது. ஸ்பென்சர் இருந்த இடத்தில் நாம் போய் உட்காருகிறோம். ஆகவே மேளக்காரருடைய பங்கைக் கடதாசியில் எழுத வேண்டியவரும் நாமே.

ஒரு பக்கம் போதும், தமிழில், வாசித்துக் காட்டக்கூடிய எளிய வசனங்களில். நான் பயன்படுத்தும் வாசகத்தின் நடுப்பகுதி இது: "மேற்சொன்ன நாளில் நான் அடித்த மத்தள ஒலியைப் பதிவு செய்வதற்கும், அதன் துண்டுகளைக் கீழ்க்காணும் பாட்டில் பயன்படுத்துவதற்கும் சம்மதிக்கிறேன். இதற்காக இன்ன தொகையை இன்று பெற்றுக்கொண்டேன். இந்தப் பாட்டிலிருந்து வரும் வருமானத்தில் நூற்றுக்கு இத்தனை வீதம் ஆண்டுக்கு ஒருமுறை எனக்கும், எனக்குப் பின் என் வாரிசுக்கும் தரப்படும். வேறு பாட்டுக்கோ, விளம்பரத்துக்கோ, விற்பனைக்கான சாம்பிள் பேக்குக்கோ பயன்படுத்துவதென்றால் மீண்டும் என்னைக் கேட்க வேண்டும். பாட்டு வெளிவரும் இடங்களில் என் பெயரும் ஊரும் குறிப்பிடப்படும்." இருவரும் கையொப்பமிட்டு, சாட்சி வைத்து, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். உரிமை முழுவதையும் உங்கள் பெயருக்கு மாற்றி எழுதிவாங்குவது சட்டப்படி முடியும். நான் அதைச் செய்வதில்லை, மற்றவர்களும் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றாலே பாட்டுக்குப் போதும்.

கடதாசியைப் பதிவுக்கு முன்பே எழுதுங்கள். தேநீர் குடித்து, அடித்து முடித்து, மனம் நெகிழ்ந்திருக்கும்போது நீட்டினால் அவர் வாசிக்காமல் கையொப்பமிட்டு விடுவார். ஒலிக் கோப்பின் பெயரிலேயே திகதி, ஊர், கருவி, கடதாசியின் இலக்கம் நான்கையும் சேர்த்துவிடுங்கள். ஐந்து வருடங்கள் கழித்து ஹார்ட் டிஸ்க்கில் 'மத்தளம் புதுசு 2' என்ற பெயரைப் பார்த்து அது யாருடையதென்று நினைவுபடுத்த முயன்று தோற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அண்ணாவியாரிடம் நான் அந்தக் கடதாசியைக் கொண்டுபோனபோது, பாட்டு வெளிவந்து எட்டு மாதமாகியிருந்தது. அதுவரை வந்த வருமானத்தின் கணக்கையும் அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன், தொகை சிறியது. அவர் கணக்கை மடித்து வைத்துவிட்டு, பெயர் போடும் இடத்தைக் காட்டச் சொன்னார். தன் பெயருக்கு முன்னால் தனக்கு மத்தளம் பழக்கிய அண்ணாவியாரின் பெயரையும் ஊரின் பெயரையும் போடும்படி கேட்டார். விநியோக நிறுவனத்தின் படிவத்தில் மேளக்காரருக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் இவருடைய பெயரை எழுதினேன். மற்ற இரண்டையும் காணொளியின் விவரக் குறிப்பில், பாட்டின் வரிகளுக்கும் மேலே, முதல் வரியாகச் சேர்த்திருக்கிறேன்.